பாறைக்குள் அசோலா கண்ட பீர்பால் சாஹ்னி

கம்பம் பள்ளத்தாக்கு நெல் வயல்களில் தழைச்சத்துக்காக வளர்க்கும் அசோலாவை நம் விவசாயிகள் நன்கு அறிவர். அதன் முன்னோர் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்திய மண்ணில் வாழ்ந்ததைப் பாறையில் இருந்து எடுத்துக் காட்டியவர் பீர்பால் சாஹ்னி.

1891 நவம்பர் 14ல், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்ற ஊரில் பிறந்தார். தந்தை ருச்சி ராம் சாஹ்னி, லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். லாகூரில் படித்த சாஹ்னி, 1911ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சென்று சீவார்டு என்ற அறிஞரிடம் தொல்தாவரவியல் பயின்றார். 1921ல் லக்னோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் முதல் பேராசிரியர் ஆனார். 1936ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்வு பெற்றார். 1940ல் சென்னையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்.

மகரந்தத் தூளும், பெரணி வகைகளின் விதைத்துகளும் (ஸ்போர்) கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஆனால், மேலுறை மிகக் கடினமானது. இலை மட்கினாலும் துகள் மட்காது. பாறையைப் பொடித்து அமிலத்தில் கரைத்தால் பாறை கரையும், துகள் மிஞ்சும். ஒவ்வொரு காலத்திலும் வாழ்ந்த செடிகள் வேறு என்பதால், துகளின் வடிவை நுண்ணோக்கியில் பார்த்துப் பாறையின் வயதைக் கணிக்கலாம். நிலக்கரி, எண்ணெய் தேடுவோருக்கு இன்றும் இது கைகொடுக்கிறது.

மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதியில், தக்காண எரிமலைப் பாறை அடுக்குகளின் இடையே இருந்த கல்லில் அசோலாவின் விதைத்துகள்களைச் சாஹ்னி கண்டார். உடன் கிடைத்த பனை வகைகளையும் சான்றாக வைத்து, பலர் நினைத்ததைவிட அந்தப் பாறைகள் இளையவை என்றார். அவற்றின் வயது சுமார் 6.6 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய அளவீடு.

தேனி மலைகளில் இப்படித் தேட முடியாது. இங்குள்ள சார்னோக்கைட், நைஸ் பாறைகள் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானவை. அவற்றில் செடியின் சுவடு தங்காது.

அவரது முறைக்குப் பெரிய சோதனை பஞ்சாப் உப்பு மலையில் வந்தது. 1940களில் அந்த உப்பில் பூக்கும் தாவரங்களின் நுண்ணிய துணுக்குகளைக் கண்டு, உப்பின் வயது சுமார் 5 கோடி ஆண்டுகளே என வாதிட்டார். பாறை அடுக்குகளின் வரிசையை ஆராய்ந்தவர்கள் ஏற்கவில்லை. அந்த உப்பு 54 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது என்பதே இன்றைய முடிவு. அப்போது பூக்கும் தாவரமே உலகில் இல்லை. பிற்காலத் துணுக்குகள் வெளியில் இருந்து கலந்தவை. கலப்பு நேராமல் இருக்க சாஹ்னி கவனம் எடுத்திருந்தும், மாதிரி அவரை ஏமாற்றிவிட்டது.

அவரது மற்ற பணி நிலைத்தது. 1946ல் லக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். பல காலத்துத் தாவரப் படிவங்களைப் பதித்து உருவாக்கிய அடிக்கல்லை, 1949 ஏப்ரல் 3ல் பிரதமர் நேரு நாட்டினார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 10ல், மாரடைப்பால் சாஹ்னி காலமானார். மனைவி சாவித்திரி பொறுப்பேற்று நிறுவனத்தை வளர்த்தார். அது இன்று அவரது பெயரிலேயே இயங்குகிறது.

உப்பு மலை தந்த பாடம் நம் வயலுக்கும் பொருந்தும். மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது வரப்பு ஓரம், எருக்குழி அருகே, மர நிழல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். உரம் வந்த பையில் மண்ணைப் போடக் கூடாது. மேலே உள்ள சருகை அகற்றி, 'வி' வடிவில் 15 செ.மீ., ஆழத்துக்குக் குழி வெட்டி, பல இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து அனுப்ப வேண்டும். மாதிரியில் வெளிப்பொருள் கலந்தால், எத்தனை நல்ல ஆய்வகம் ஆனாலும் சரியான உரப் பரிந்துரை கிடைக்காது.