போர்க்கால அறப்பணியும் நிறுவன மாற்றமும்: டாக்டர் ஐடா ஸ்கடர் வாழ்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடரின் (1870–1960) வாழ்க்கை, அவர் மருத்துவராக முடிவெடுத்த ஓர் இரவை மையமாகக் கொண்டே பெரிதும் சொல்லப்பட்டு வருகிறது. இக்கட்டுரை இரண்டு உலகப்போர்க் காலங்களை மையமாகக் கொண்டு அவ்வாழ்வை அணுகுகிறது. பெண்களுக்காகப் பெண்களே நடத்திய அறநிறுவனம் ஒன்று, போர்க்கால நெருக்கடியில் தன் தொடக்கக் கொள்கையை மாற்றிக்கொண்டு நிலைபெற்ற வரலாறும், அம்மாற்றத்திற்கு நிறுவனர் செலுத்திய விலையும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மருத்துவ அறப்பணி, உலகப்போர், பெண் மருத்துவக் கல்வி, வேலூர், ஐடா ஸ்கடர்

முன்னுரை

தாமிரபரணியின் கடைமடைப் பகுதியான ஏரல் வட்டாரத்து மக்களுக்கு மிஷன் மருத்துவமனை என்றதும் நினைவுக்கு வருவது நாசரேத் தூய லூக்கா மருத்துவமனையாகும். 1870-இல் மருத்துவரும் குருவானவருமான ஸ்டிராக்கன் தொடங்கிய அப்பணியை மர்காஷிஸ் ஐயர் பின்னர் வளர்த்தெடுத்தார். இத்தகைய மருத்துவமனைகள் பலவும் கடல் கடந்து வந்த நன்கொடையையும் ஊழியரையும் சார்ந்திருந்தன. எனவே, போர் மூண்டு கடல்வழி அடைபட்டால் அவற்றின் கதி என்ன என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. இவ்வினாவுக்குத் தெளிவான விடை தரும் தமிழகச் சான்றாக வேலூர் அமைகிறது. ஆதலின் அதன் நிறுவனரது வாழ்வு இங்கு ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்பட்டது.

குடும்பப் பின்னணியும் தொடக்க வாழ்வும்

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். இவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்து, பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். தந்தையாரும் ஆற்காட்டு மிஷனைச் சார்ந்த மருத்துவர். சிறு வயதிலேயே தாது வருடப் பஞ்சத்தைக் கண்ணால் கண்ட ஐடா, பின்னர் அமெரிக்காவில் கல்வி பயின்றார். தம் குடும்பத்தாரைப் போல மிஷன் பணியில் ஈடுபடும் எண்ணம் அக்காலத்தில் அவருக்கு இருந்ததில்லை.

உடல் நலிவுற்ற தாய்க்கு உதவியாக 1890-இல் அவர் திண்டிவனம் வந்தார். அங்கு ஒரே இரவில் ஒரு பிராமணர், ஓர் இசுலாமியர், மற்றொரு உயர்சாதி இந்து என மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையிலிருந்த தம் மனைவியரைக் காப்பாற்ற அழைத்தனர். ஐடா மருத்துவம் பயிலாதவர். ஆண் மருத்துவரான தந்தையை அனுப்ப அவர்களது வழக்கம் இடந்தரவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். இந்நிகழ்வே அவரை மருத்துவக் கல்விக்குத் திருப்பியது. பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு அவர் பணியின் அடித்தளமாயிற்று. பின்னாளில் போர்க்காலத்தில் அவர் எதிர்கொண்ட முடிவின் கடுமையை உணர இப்பின்புலம் இன்றியமையாதது.

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஐடா, 1900-இன் தொடக்கத்தில் இந்தியா திரும்பினார். ஷெல் என்னும் அமெரிக்கச் செல்வர் தம் மறைந்த மனைவியின் நினைவாக வழங்கிய 10,000 டாலர் நன்கொடையைக் கொண்டு, மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் 1902-இல் வேலூரில் திறக்கப்பட்டது. 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களை வழியோர மரத்தடிகளிலேயே கண்டு மருத்துவம் செய்யும் முறையும் இக்காலத்தில் உருவாயிற்று.

முதல் உலகப்போரும் மருத்துவப் பள்ளியும்

1914-இல் மூண்ட போர் தமிழகத்து மிஷன் பணிகளின் வலுவின்மையை வெளிப்படுத்தியது. லைப்சிக் மிஷனைச் சார்ந்த ஜெர்மானிய ஊழியர்கள் தடுத்து வைக்கப்பட்டுப் பின்னர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற பணிகளைச் சுவீடன் திருச்சபை ஏற்று நடத்தியது. ஒரே நாட்டையும் ஒரே சங்கத்தையும் சார்ந்திருக்கும் அறப்பணி, அந்நாட்டின் அரசியலோடு சேர்ந்தே வீழக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. மறுபுறம், இந்திய மருத்துவப் பணியிலிருந்த மருத்துவர்கள் படைக்கு அழைக்கப்பட்டமையால் உள்நாட்டிலும் மருத்துவர் பற்றாக்குறை மிகுந்தது.

இச்சூழலில்தான் ஐடா, உள்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்கும் திட்டத்தைச் செயற்படுத்தினார். போர் முடியும் முன்னரே, 1918 ஆகஸ்டு 12 அன்று, சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டு பிரபு பெண்களுக்கான மிஷனரி மருத்துவப் பள்ளியைத் திறந்து வைத்தார். மாணவியர் கிடைப்பது அரிது என்று பலர் ஐயுற்ற நிலையில் 151 விண்ணப்பங்கள் வந்தன. முதல் அணியினர் 1922-இல் எல்.எம்.பி. தகுதியுடன் வெளிவந்தனர். வெளிநாட்டு மருத்துவரை எதிர்பார்த்திருந்த பணி, இந்நாட்டு மருத்துவரை உருவாக்கும் பணியாக மாறியது இப்போர் ஆண்டுகளில்தான் என்பது கருதத்தக்கது.

அரசாணையும் இரண்டாம் உலகப்போரும்

1937-இல் அமைந்த இராஜாஜி அமைச்சரவையில் நலவாழ்வுத் துறையைக் கவனித்தவர் டாக்டர் தி. சே. சௌ. ராஜன். எல்.எம்.பி. படிப்பை நீக்கி, மருத்துவக் கல்வி முழுவதையும் பல்கலைக்கழகப் பட்டநிலைக்கு உயர்த்த அவ்வரசு முடிவு செய்தது. குறைந்த பயிற்சியுடைய மருத்துவர் ஒருசாரார்க்கும், நிறைந்த பயிற்சியுடையவர் மற்றொரு சாரார்க்கும் என்னும் பிரிவினை நீங்க வேண்டும் என்னும் நோக்கில் இம்முடிவு நியாயமானதே. போர் முடிந்தபின் 1946-இல் அறிக்கை அளித்த போர் குழுவும் ஒரே தர மருத்துவக் கல்வியையே பரிந்துரைத்தது. ஆயினும் வேலூர்ப் பள்ளிக்கு இது வாழ்வா சாவா என்னும் சிக்கலாயிற்று. பட்டப்படிப்புக்குக் கூடுதல் படுக்கைகளும் ஆய்வகங்களும் உயர்தகுதி பெற்ற பேராசிரியரும் வேண்டும். அவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டும்.

அப்பொருளைத் திரட்ட, 70 வயதைக் கடந்த ஐடா 1941-இல் அமெரிக்கா சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து தமிழர்கள் கால்நடையாகத் தாயகம் திரும்பினர். ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம் ஆகியவை குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அச்சத்தால் சென்னை நகரம் காலியாயிற்று. இந்நிலையில் வேலூரில் இருந்தோர் மருத்துவமனையை இடையறாது நடத்தியதோடு, அவ்வாண்டிலேயே எம்.பி.பி.எஸ். வகுப்பையும் பெண்களுக்குத் தொடங்கினர். நிறுவனர் கடலுக்கு அப்பால் ஊர் ஊராகச் சென்று நிதி கேட்டுக்கொண்டிருக்க, அவர் உருவாக்கிய பணி அவரின்றியே இயங்கியது. ஓர் அறநிறுவனத்தின் முதிர்ச்சிக்கு இதனினும் தக்க அளவுகோல் இல்லை எனலாம்.

இருபாலர் கல்வி: கொள்கைச் சிக்கல்

பொருள் திரட்டுவதில் போரினும் கடுமையான தடை கொள்கை வேறுபாடாக எழுந்தது. ஆண்களையும் சேர்த்து இருபாலர் கல்லூரியாக்கினால் பல திருச்சபைகளும் மிஷன்களும் இணைந்து பொறுப்பேற்கும். தனித்தனியே மருத்துவக் கல்லூரி நடத்த அவற்றால் இயலாது என வேலூரில் இருந்தோர் கருதினர். ஐடாவின் நெடுங்காலத் தோழியும், கீழைநாட்டுப் பெண்கள் கல்லூரிகளுக்காக 1920களில் பெருநிதி திரட்டியவருமான லூசி பீபாடி அம்மையார் இதனை உறுதியாக எதிர்த்தார்.

அவ்வெதிர்ப்பை வெறும் பிடிவாதமாகக் கொள்வது பொருந்தாது. பெண்களின் கல்விக்கென்று பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்தளித்த பணம் அது. ஆண்கள் நுழைந்தால் பெண்களின் இடம் குறுகும் என்னும் அச்சமும் அடிப்படையற்றதன்று. திண்டிவனத்து இரவின் நினைவைச் சுமந்த ஐடாவுக்கும் அக்கருத்து அயலானதன்று. ஆயினும், கல்லூரி அழிந்துபட்டால் பெண்களுக்கும் பயனில்லை என்பதை உணர்ந்து, நீண்ட மனப் போராட்டத்திற்குப் பின் அவர் இருபாலர் கல்விக்கு இசைந்தார். அதனால் அருமைத் தோழியின் ஆதரவை இழக்க நேர்ந்தது. கொள்கையைக் காப்பதா, கொள்கையின் பயனைக் காப்பதா என்னும் வினாவில் அவர் பின்னதைத் தேர்ந்தார்.

இறுதிக் காலம்

போர் முடிந்த 1945-இல் வேலூர் திரும்பிய ஐடா, அடுத்த ஆண்டு பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். நாடு விடுதலை பெற்றபின் ஹில்டா லாசரஸ் அம்மையார் முதல் இந்தியராக நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். 1950-இல் பல்கலைக்கழகத்தின் நிலையான இணைப்பும் கிடைத்தது. இவற்றையெல்லாம் கண்ட ஐடா, 1960 மே 24 அன்று தம் 89-ஆம் வயதில் கொடைக்கானலில் காலமானார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, முதல் உலகப்போர்க் காலம் வேலூர்ப் பணியை உள்நாட்டுப் பெண் மருத்துவரை உருவாக்கும் திசையில் செலுத்தியது. இரண்டாம் உலகப்போர்க் காலம் அதனைப் பல திருச்சபைகளின் கூட்டுடைமையாக்கியது.

இரண்டாவது, போர்க்காலத்தில் அறநிறுவனத்தைக் காத்தது நன்கொடை மட்டுமன்று. பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் பரப்பு விரிந்தமையே ஆகும்.

மூன்றாவது, அவ்விரிவு இழப்பின்றி நிகழவில்லை. தம் வாழ்வைத் தொடங்கிவைத்த கொள்கையையே தளர்த்தவும் நெடுநாள் நட்பை இழக்கவும் ஐடா நேர்ந்தது. திண்டிவனத்து இரவு அவரை மருத்துவராக்கியது. போர்க்காலத்து முடிவோ அவர் தொடங்கிய பணியை அவருக்குப் பின்னும் வாழச் செய்தது. ஆதலின் அவரது வரலாற்றை எழுதுவோர் முன்னதற்குத் தரும் இடத்தைப் பின்னதற்கும் தருதல் வேண்டும். தாமிரபரணிக் கரை மிஷன் மருத்துவமனைகளின் போர்க்கால வரலாறும் இந்நோக்கில் தனியே ஆராய்தற்குரியது.