கத்துக்க வந்தவர்

25 மீட்டர் தூரத்தில் வரிசையாக ஐந்து இலக்குகள். பிஸ்டலை ஒரு கையால்தான் பிடிக்கணும். கையைத் தாழ்த்தி வைத்துக் காத்திருந்து, சிக்னல் வந்ததும் தூக்கி, ஐந்துக்கும் ஆளுக்கு ஒரு குண்டு. முதலில் 8 வினாடி, அப்புறம் 6, கடைசியில் வெறும் 4. ரேபிட் ஃபயர் பிஸ்டல்னு பேர். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் நம்ம விஜய் குமார் வெள்ளி வாங்கினாரே, அதே போட்டி. அதற்கு 64 வருஷம் முன்னாடி, அதே லண்டன் ஒலிம்பிக்ஸில், இதில் தங்கம் வாங்கினவர் காரோலி டகாச். வாங்கிக் கொடுத்தது அவருடைய இடது கை. பிறவியிலேயே இடது கைக்காரர்னு நினைச்சுடாதீங்க.

டகாச் 1910-ல் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் பிறந்தவர். ராணுவத்தில் சார்ஜண்ட். 1936 வாக்கில் உலகத் தரமான பிஸ்டல் வீரர். ஆனால் அந்த வருஷ பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு அவரை அனுப்பவில்லை. காரணம் ஸ்கோர் இல்லை, பதவி. ஹங்கேரி அணியில் ஆபீஸர்களுக்கு மட்டும்தான் இடம், சார்ஜண்டுக்குக் கிடையாது. பிறகு அந்தத் தடை நீங்கியது. அடுத்து 1940-ல் டோக்கியோ. மனுஷர் அதற்குத் தயாரானார்.

1938-ல் ராணுவப் பயிற்சியின்போது ஒரு பழுதான கையெறி குண்டு அவர் கையிலேயே வெடித்தது. சிதைந்து போனது வலது கை, அதாவது சுடும் கை. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. அப்போது அவருக்கு வயசு 28.

வெளியே வந்தவர் யாருக்கும் சொல்லாமல் இடது கையில் ஆரம்பித்தார். 1939 வசந்தத்தில் தேசிய சாம்பியன்ஷிப்புக்கு வந்து நின்றபோது, போட்டியைப் பார்க்க வந்திருக்கிறார்னுதான் மற்ற வீரர்கள் நினைத்தார்களாம். அவர் ஜெயித்துவிட்டுப் போனார்.

எப்படி முடிந்தது? எங்க ஊர் சுவாமிமலையில் ஸ்தபதிகள் வேலையைப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கும். மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். இறுகினதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து. அச்சு போய்விடும், அளவும் கணக்கும் ஸ்தபதி தலையில் இருக்கும். பிஸ்டலும் அப்படித்தான். முன் சைட்டையும் பின் சைட்டையும் நேராக்குவது, மூச்சை எங்கே நிறுத்துவது, ட்ரிகரை வெடுக்கென்று இழுக்காமல் பதமாக அழுத்துவது, இதெல்லாம் வெறும் விரல் பழக்கம் மட்டும் இல்லை. டகாச்சுக்கு உடைந்தது அச்சு. புது அச்சு செய்ய ஆன உழைப்பு மட்டும் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆனால் உலகப் போர் வந்தது. 1940 ஒலிம்பிக்ஸ் இல்லை, 1944-லும் இல்லை. 1948-ல் லண்டன் போனபோது வயசு 38. அங்கே அப்போதைய உலக சாம்பியன், அர்ஜென்டினாவின் சயென்ஸ் வாலியென்டே, இங்கே எதுக்கு வந்தீங்கன்னு விசாரித்தாராம். கத்துக்க வந்தேன்னு டகாச் சொன்னாராம். போட்டி முடிந்தபோது டகாச் 580 புள்ளி, உலக சாதனை. சாம்பியனுக்கு 571, இரண்டாம் இடம். நல்லாத்தான் கத்துக்கிட்டீங்கன்னு அவரே வந்து பாராட்டினார்னு சொல்வார்கள்.

1952 ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம், 579 புள்ளி. ஒரே ஒரு புள்ளி குறைந்து வெள்ளி வாங்கிய 17 வயசுப் பையன் சிலார்ட் குன், டகாச் பயிற்சி கொடுத்த மாணவன்! 1956 மெல்போர்னில் அவருக்கு எட்டாம் இடம். அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1958 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினார். 1976 ஜனவரியில் புடாபெஸ்டில் காலமானார்.

இந்த விளையாட்டில் இறங்க நினைக்கும் யாரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த பிஸ்டல் வாங்கலாம்? டகாச் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்தக் கேள்வி மூணாவது இடத்துக்குப் போய்விடும்.

முதலில் கண். இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, அது வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்க. ஒவ்வொரு கண்ணாக மூடுங்க. எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உங்க ஆதிக்கக் கண். வலது கைக்காரருக்கு இடது கண் வந்தால் பயப்பட வேண்டாம், கோச்சிடம் சொல்லிடுங்க. எந்தக் கையில் ஆரம்பிப்பது என்பதையே அது மாற்றலாம்.

இரண்டாவது கிரிப். நம்ம நாட்டில் பெரும்பாலோர் ஆரம்பிப்பது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். போட்டி பிஸ்டலின் மரக் கிரிப் ஒரு கைக்கென்றே செதுக்கப்பட்டது. வலது கை கிரிப்பை இடது கையில் பிடிக்க முடியாது. சைஸும் உங்க உள்ளங்கைக்குப் பொருந்தணும். பொருந்தாத இடத்தைத் தேய்த்தோ, பட்டி வைத்து நிரப்பியோ சரி செய்வார்கள்.

அப்புறம்தான் பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர் பெல்லட், மொத்த எடை 1,500 கிராமுக்கு மேல் கூடாது, ட்ரிகர் அழுத்தம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. விதிமுறை எல்லோருக்கும் ஒன்றுதான். இறக்குமதி பிஸ்டல் விலை லட்சத்தைத் தாண்டும், அதனால் முதல் சில மாதம் கிளப் பிஸ்டலே போதும். கோச் மேற்பார்வையில், பெல்லட் போடாமல் ட்ரிகரை அழுத்தும் டிரை ஃபயர் பயிற்சிக்குச் செலவே கிடையாது. சைட் ஆடாமல் ட்ரிகர் விழும்வரை திரும்பத் திரும்ப அதைச் செய்யணும். சலிப்பாத்தான் இருக்கும். 28 வயசில், ஏற்கெனவே உலகத் தரத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஒருத்தர், இந்த அரிச்சுவடியைத்தான் இன்னொரு கையால் முதலிலிருந்து எழுதிப் பழகினார்.