தமிழில் வைத்தியம் படிப்பித்த டாக்டர் கிறீன்

மாணவர்களே, இலங்கையில் ஆங்கில வைத்தியக் கல்வி என்றதும் கொழும்புதான் உங்கள் நினைவுக்கு வரும். கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870 இல் ஆரம்பமானது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் வைத்திய வகுப்பு நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தொடங்கியவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

இவர் 1822 இல் ஐக்கிய அமெரிக்காவின் வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார்.

அன்று வாந்திபேதியும் அம்மையும் வந்தால் ஊரே நடுங்கும். பெரியவர், பிள்ளை என்ற பேதம் அந்நோய்களுக்கு இல்லை. வாந்திபேதிக் கிருமியை றொபேட் கொக் உறுதிப்படுத்தியது 1884 இல்தான். அதுவரை காரணம் தெரியாமலே வைத்தியர்கள் அதனுடன் போராடினர். ஒரு வைத்தியர் எத்தனை ஊருக்கு ஓடுவார்? ஆகவேதான் கிறீன் உள்ளூர் இளைஞர்களை வைத்தியர்களாக்க முனைந்தார்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் தேறியவர்கள் பலர் அரச உத்தியோகம் தேடி வெளியூர் போயினர். கிராமத்து நோயாளி முன்போலவே இருந்தான். எனவே 1864 இல் போதனா மொழியைத் தமிழாக்கினார். ஆங்கிலம்தான் உத்தியோகத்துக்கு வழி என்றிருந்த காலத்தில் இது எளிய முடிவல்ல. தமிழ்மொழி மூலம் படிக்கும் நீங்கள் இதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே! தாம் பயிற்றிய மாணவர்களையும் துணைக்கொண்டு நூல்களை மொழிபெயர்த்தார். பொருத்தமான தமிழ்ச்சொல்லைத் தேடினார், இல்லையேல் வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு மாற்றினார். இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' (1875) என்று பெயர் வந்தது இப்படித்தான். பிரசவ வைத்தியம் (1857), இரணவைத்தியம் (1867), வைத்தியாகரம் (1872) என்பனவும் வெளிவந்தன. அவர் பயிற்றிய வைத்தியர்கள் 60 பேருக்கு மேல்.

1873 இல் நாடு திரும்பிய பின்னரும் வேலை நிற்கவில்லை. வூஸ்ரரில் இருந்துகொண்டே தமிழ் நூல்களுக்காக உழைத்தார். 'மனுஷ சுகரணம்' 1883 இல் வெளிவந்தது. மறு ஆண்டு காலமானார். தமிழருக்கு வைத்தியஞ் செய்தவர் என்பதைக் கல்லறையிற் பொறிக்குமாறு கேட்டிருந்தார்.

ஆண்டுகளில் கவனம் தேவை. 1847, 1862 அவர் இலங்கைக்கு வந்த ஆண்டுகள். 1857, 1873 புறப்பட்ட ஆண்டுகள்.