122 வயது வரை வாழ்ந்த பாட்டி

குழந்தைகளே! ஆவணங்கள் மூலம் வயது உறுதி செய்யப்பட்டவர்களில், உலகிலேயே அதிக காலம் வாழ்ந்தவர் யார் தெரியுமா? பிரான்ஸ் நாட்டின் ஆர்ல் நகரைச் சேர்ந்த ழான் கால்மென்ட் என்ற பெண்மணிதான்.

இவர் 1875, பிப்ரவரி 21-ல் பிறந்தார். அடுத்த ஆண்டுதான் கிரகாம்பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். பாரிசில் ஈபிள் கோபுரம் திறக்கப்பட்டபோது இவருக்கு வயது 14.

1896-ல் துணிக்கடை உரிமையாளர் ஒருவரை மணந்தார். வசதியான வாழ்க்கை, ஆனாலும் சோம்பி இருக்கவில்லை. டென்னிஸ், நீச்சல் என்று சுறுசுறுப்பாக இருந்தார். 85 வயதில் வாள்வீச்சு பழகினார். 100 வயதிலும் சைக்கிள் ஓட்டினார்!

1965-ல், 47 வயது வழக்கறிஞர் ஒருவர் இவரது வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்தார். பாட்டி உயிரோடு இருக்கும் வரை மாதம் 2,500 பிராங்க் தர வேண்டும். அவருக்குப் பிறகே வீடு கைக்கு வரும். பாட்டிக்கு 90 வயதுதானே, சில ஆண்டுகள்தான் என்று நினைத்திருப்பார். 30 ஆண்டுகள் பணம் கட்டி, 1995-ல் அவரே முதலில் இறந்துபோனார்!

இவ்வளவு நீண்ட ஆயுள் எப்படிக் கிடைத்தது? இவருடைய தந்தை 92, தாய் 86, அண்ணன் 97 வயது வரை வாழ்ந்தவர்கள். பெற்றோரிடமிருந்து நமக்கு வரும் மரபணுக்களில் ஆளுக்கு ஆள் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. சமையல் குறிப்பில் ஒரு சொல் மாறினால் ருசி மாறுவது போல, இவை உடலின் வேலையை மாற்றும். பாக்ஸோ-3 என்ற மரபணுவின் ஒரு வகை, நீண்ட நாள் வாழ்பவர்களிடம் அதிகம் காணப்படுவதாக, ஹவாய் தீவில் செய்த ஆய்வு 2008-ல் தெரிவித்தது.

அப்படியானால், எல்லாமே மரபணுதானா? இல்லை. தாயின் மரபணுக்களில் பாதியைப் பெற்ற இவரது ஒரே மகள், நுரையீரல் நோயால் 1934-ல் இறந்தபோது வயது 36தான். இன்றுள்ள மருந்துகள் பல அன்று இல்லை. மகள் வயிற்றுப் பேரனும் 1963-ல் சாலை விபத்தில் 36 வயதிலேயே இறந்தார். அத்தனை துயரத்தையும் தாங்கி வாழ்ந்தார் பாட்டி.

டென்மார்க்கில் இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், மனிதர்களின் ஆயுள் வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்குக்கே மரபணு காரணம் என்று 1996-ல் கணக்கிட்டனர். அதைவிட அதிகம் என்று கூறும் ஆய்வுகளும் பின்னர் வந்துள்ளன. எப்படியானாலும் நோய், விபத்து, உணவு, உழைப்பு ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு.

1997, ஆகஸ்ட் 4-ல், 122 ஆண்டுகள் 164 நாட்கள் வாழ்ந்து மறைந்தார் கால்மென்ட்.

மரபணுவை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால், தினமும் ஓடி விளையாடுவதும், நல்ல உணவு உண்பதும், சாலையில் கவனமாகச் செல்வதும் நம் கையில்தான் இருக்கிறது, குழந்தைகளே!