ஸர் சி. வி. ராமனும் நீரின் நிறமும்

ஐம்பூதத் தலங்களுள் நீருக்குரியதெனப் போற்றப்படும் திருவானைக்காவை அறியாதார் நம்முள் இலர். திருவரங்கத்தை அடுத்த அவ்வூரில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்த மகவு, பிற்காலத்தில் நீரின் நிறத்தையே ஆராய்ந்து உலகப் புகழ் எய்தியது விந்தையன்றோ! தந்தையார் சந்திரசேகர ஐயர் ஆசிரியத் தொழிலின்பொருட்டு விசாகப்பட்டினம் சென்றமையால், ராமன் காவிரிக்கரையில் வளர்ந்த காலம் சிறிதேயாம்.

சென்னை இராசதானிக் கல்லூரியிற் பயின்ற அவர் 1907இல் வெளியிட்ட கட்டுரையொன்று திரவங்களின் பரப்பு இழுவிசையைப் பற்றியது. சோப்பைக் கரைத்தால் நீரிலே தளர்வது இவ்விசைதான். அவ்வாண்டே கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத்துறை அலுவலரானார். ஓய்வு நேரமெல்லாம் பௌபஜார் வீதி ஆராய்ச்சிச் சாலையிற் கழிந்தது. 1917இல் ஊதியம் குறைந்த பேராசிரியர் பதவிக்காக அவ்வலுவலைத் துறந்தார்.

1921இல் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் பிரதிபிம்பமே அந்நீலம் என்பது ராலே பிரபுவின் கொள்கை. ராமன் நிக்கோல் பட்டகத்தால் மேற்பரப்பின் பிரதிபிம்பத்தை விலக்கி நோக்கினார், நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறதெனக் கண்டார்.

இனி வருவதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. 1923இல் அவர் மாணாக்கர் கே. ஆர். இராமநாதன் ஊதாநிற ஒளியை நீரினூடே செலுத்தியபோது, வேறு நிறமுடைய மங்கலான ஒளியும் உடன் வந்தது. நீரில் ஏதோ அழுக்குக் கலந்திருத்தல் வேண்டுமென ஐயுற்றனர். யாரே ஐயுறார்? பன்முறை வடித்துத் தூய்மை செய்தனர், ஒளி அகலவில்லை. 1928 ஜனவரியில் வெங்கடேசுவரன் தூய கிளிசரினிலிருந்து பச்சை ஒளி வரக் கண்டார். பின்னர் கே. எஸ். கிருஷ்ணனுடன் அறுபது திரவங்களைச் சோதித்த ராமன், பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலையில் உண்மையைத் தெளிந்தார். குற்றம் அழுக்கினதன்று, மூலக்கூறுகளே ஒளியின் நிறத்தை மாற்றுகின்றன. அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடுதலின், அதுவே பொருளைக் காட்டும் அடையாளமுமாயிற்று. 1930இல் நோபெல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. உடனுழைத்தோர் பெயரையும் நாம் மறத்தல் தகாது.

1970 நவம்பர் 21ஆம் நாள் அவர் பெங்களூரிற் காலமானார்.

ஆற்றுநீரிற் கலந்த சலவைத்தூளை அறிய, மெதிலீன் நீலம் என்னும் சாயத்தைச் சேர்த்துக் குளோரோபாரத்துடன் குலுக்குவது நெடுநாள் வழக்கம். சலவைப்பொருளோடு கூடிய சாயம் கீழே தங்கும் குளோரோபாரத்திற் புகுந்து அதனை நீலமாக்கும். ராமன் கண்ட வழிக்குச் சாயம் வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வொளி மிக மெலியதாதலின், சிற்றளவைக் காண்பதற்குச் சாயத்தின் துணை இன்றும் வேண்டப்படுகிறது.