டாக்டர் பிலிப் சிங் பிசிக்
(நஞ்சுண்டார் இரைப்பையைக் கழுவிய இரண வைத்தியர்)

நம் சேலம், நாமக்கல் நாட்டுப் புறங்களில் நஞ்சுண்டார் எவரையேனும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயினர் என்ற செய்தி பரவுங்கால், வயிற்றைக் கழுவினார்களா என்பதே ஊரார் முதற்கண் வினவுவது. பாமரரும் அறிந்த இம்முறை, ஒரு குழாயும் ஒரு பீச்சுகுழலும் கொண்டு தொடங்கியது. அதனை நோயாளியிடம் கையாண்டு உலகிற்கு விளக்கியவருள் தலையாயவர் டாக்டர் பிலிப் சிங் பிசிக் என்பார். அமெரிக்க இரண வைத்தியத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் இப்பெரியாரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1768-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் பிலடெல்பியா நகரிற் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் பெயர்பெற்ற வெள்ளித் தட்டார். அமெரிக்க சுதந்தரப் பிரகடனத்தில் கையொப்பமிடுதற்கு உதவிய வெள்ளி மைக்கூடு அவர் கைவேலையே. பாட்டனாரின் கைந்நுட்பம் பேரனுக்கும் வாய்த்தது போலும். பிசிக் 1785-இல் பென்சில்வேனியா சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றார். பின்னர்த் தந்தையார் அவரை லண்டன் மாநகருக்கு அனுப்பி, ஜான் ஹண்டர் என்னும் பேராசிரியரிடம் மாணவராக அமர்த்தினார்.

ஹண்டர் நூலறிவினும் சோதனையையே பெரிதாகக் கொண்டவர். விழுங்கும் தசைகள் செயலற்றுப் போன நோயாளியொருவருக்கு, விலாங்கு மீனின் தோலாற் செய்த குழாயை இரைப்பை வரை செலுத்தி, அதன் வழியே உணவும் மருந்தும் ஊட்டி அவரைப் பிழைக்கச் செய்தவரும் அவரே. தம்முடன் லண்டனிலேயே தங்குமாறு ஆசிரியர் விரும்பியும், பிசிக் 1792-இல் எடின்பரோவில் வைத்தியப் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார்.

மறு ஆண்டே பிலடெல்பியாவில் மஞ்சட் காய்ச்சல் மூண்டது. வசதியுடையோர் பலர் நகரை விட்டோட, இளைஞராகிய பிசிக் காய்ச்சற்காரரிடையே தங்கிப் பணிசெய்தார். 1794-இல் பென்சில்வேனியா ஆஸ்பத்திரியின் இரண வைத்தியரானார். 1805-இல் சர்வகலாசாலையில் அத்துறையின் பேராசிரியரானார்.

1812-ஆம் ஆண்டு, மூன்று மாதமே நிரம்பிய இரட்டைக் குழந்தைகளைக் காண இவர் அழைக்கப்பெற்றார். கக்குவான் இருமல் தணியும் பொருட்டு, அபினி கலந்த லாடனம் என்னும் மருந்தைத் தாய் கொடுத்திருந்தாள், மருந்தே நஞ்சாயிற்று. அக்காலத்தில் நஞ்சுண்டார்க்கு வாந்தி மருந்து கொடுத்தலே வழக்கம். ஆயின், அபினி மயக்கத்திற் கிடப்பவன் மருந்தை விழுங்கவும் மாட்டான், கக்கவும் மாட்டான். பிசிக் நெகிழுங் குழாயொன்றை இரைப்பைக்குட் செலுத்தி, பீச்சுகுழலால் வெந்நீரை ஏற்றி, மீண்டும் உறிஞ்சியெடுத்தார். ஒரு குழந்தை பிழைத்தது. மற்றது சிறிது உயிர்ப்புற்றும் பின்னர் இறந்தது.

இச்செய்தியைப் புதுமுறை எனக் கருதி அவ்வாண்டிலேயே வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். பின்னரே, எடின்பரோவைச் சேர்ந்த அலெக்ஸாந்தர் மன்றோ 1797-இலேயே தம் ஆராய்ச்சி நூலில் இதனைக் கூறியிருந்தமை அவருக்குத் தெரியவந்தது. பிறர் குற்றங் காட்டும்வரை அவர் வாளா இருந்தாரல்லர். சில மாதங்களுக்குள், கண்டவர் மன்றோவே எனத் தாமே அச்சில் வெளியிட்டு, அப்புகழை உரியவர்க்கு ஈந்தார். இதனால் அவர் பெருமை குன்றவில்லை, வளர்ந்தது.

பின்னர் 1831-இல், தம் அறுபத்து மூன்றாம் வயதில், பிரதம நீதிபதி ஜான் மார்ஷலின் மூத்திரப்பையிலிருந்து ஏறத்தாழ 1,000 சிறு கற்களை நீக்கி அவரைப் பிழைக்கச் செய்தார். 1837-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் தேகவியோகமானார்.

அவர் தம்மைப்பற்றி உண்மை கூறியது போலவே, வைத்திய சாஸ்திரமும் இம்முறையைப்பற்றிப் பிற்காலத்தில் உண்மை கூறிற்று. நஞ்சுண்டார் அனைவரையும் கழுவுதல் நூறாண்டுக்கு மேல் வழக்கமாயிருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, காலந்தாழ்த்துக் கழுவின் வெளிவருவது சிறிதே என்றும், நீர் நுரையீரலுட் புகின் கேடு பெரிதென்றும் கண்டனர். 1997-இல் அமெரிக்க, ஐரோப்பிய நஞ்சியல் அறிஞர்கள், இதனை எல்லார்க்கும் வழக்கமாகச் செய்தலாகாது என அறிவித்தனர். உயிர்க்கு இறுதி தரும் நஞ்சாய், உண்டு ஒருமணி நேரத்துக்குள் வந்தாரிடத்தே இதனை எண்ணிப் பார்க்கலாம் என்பது அவர்கள் துணிபு. அப்போதும் மயங்கியவர்க்கு முதலில் மூச்சுக்குழலைக் காத்தல் வேண்டும். மண்ணெண்ணெயும் திராவகமும் உண்டார்க்குக் கழுவுதல் கூடாது. கரித்தூள் கொடுத்தலும், அந்தந்த நஞ்சிற்குரிய மாற்று மருந்தும், சுவாசத்தைப் பேணுதலுமே இன்று பல இடங்களில் உயிர் காப்பன.

இது நம் நாட்டார் உணரவேண்டுவதொன்று. பூச்சிமருந்தும், அரளி விதையும், வாசல் தெளிக்கும் சாணிப்பவுடரும் நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களை அழவைத்தன. அவ்வேளையில் உப்பு நீரையும் சாணக் கரைசலையும் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வார் பலர். அன்பினாற் செய்யினும் அது தீங்கே. கரைசல் மூச்சுக்குழலில் இறங்கின், நஞ்சினால் மாளாதவரும் அதனால் மாள்வர். மேலும், விலைமதிப்பற்ற முதல் ஒருமணி நேரம் வீட்டிலேயே கழிந்துவிடும். உடனே 108-ஐ அழைத்தலும், மயங்கினாரை இடப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்தலும், நஞ்சிருந்த புட்டியையோ பொட்டலத்தையோ உடன் கொண்டு செல்லுதலுமே செய்யத்தக்கன. பிழைத்தெழுந்தாரை ஏசாது, அவர்தம் துயர் கேட்டு ஆற்றுதலும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மாணவ நண்பர்காள்! பிசிக்கின் குழாயை இன்று வைத்தியர் அருகியே எடுக்கின்றனர். பிறர்க்குரிய புகழைப் பிறர்க்கே கொடுத்த அவர் நெஞ்சமோ என்றும் வேண்டப்படுவது. சோதனைச்சாலையிலாயினும் பரீட்சை மண்டபத்திலாயினும், நாம் கண்டதை நாம் கண்டதென்றும், பிறர் கண்டதைப் பிறர் கண்டதென்றும் கூறப் பழகுவோமாக. தன் பிழையைத் தானே திருத்தும் கல்வியே பிறர் உயிரைக் காக்கவும் வல்லது.