மூன்று எழுத்துக்குள் ஒரு மனிதர்: டி.வி. சுந்தரம் ஐயங்காரும் எங்கள் மொட்டை டயர்களும்

கடந்த மாரியில் ஒரு மஃரிப் நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. சாய்ந்தமருதிலிருந்து காரைதீவுப் பக்கமாக என் காக்கா ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன உழவு இயந்திரம் திடீரென நின்றது. காக்கா பிரேக்கை மிதித்தார். சில்லுகள் நின்றன, ஆட்டோ நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் உழவு இயந்திரப் பெட்டியில் மோதியது. கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தார். அந்த வீட்டுக்கு இருந்த ஒரே உழைப்பு அவருடையது.

அதற்கு முந்திய வாரம்தான் அவர் பிரேக்கைப் புதிதாக்கியிருந்தார். டயர்களை மாற்றப் பணம் போதவில்லை. மூன்றுமே மொட்டை.

ஆட்டோவைத் திருத்தக் கொடுத்த கராஜில் காத்திருந்தபோது, சுவர்க் கலண்டரில் டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தைப் பார்த்தேன். எங்கள் கரையோரத்தில் அந்த எழுத்துகளைத் தெரியாத சாரதி இல்லை. அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரிந்தவர்கள்தான் குறைவு. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அவரைப் பற்றித் தேடி வாசித்தேன்.

திருக்குறுங்குடி வேங்காரம் சுந்தரம் ஐயங்கார் 1877 மார்ச் 22இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி வக்கீலானார். பிறகு ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்தார். அந்தக் காலத்துக் குடும்பங்கள் ஆசைப்பட்ட வேலைகள் அவை. அவற்றை விட்டுவிட்டு 1911இல் தன் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். மாட்டு வண்டி ஓடிய தெருக்களில் பஸ் விட்டார். மதுரை அவருடைய தளமானது.

தென்னிந்திய வீதிகள் அப்போது மண்ணும் சரளைக்கல்லும்தான். மாடுகளின் லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் வழியெங்கும் கிடந்து டயரைக் குத்தின. ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் பொருத்திய வண்டியொன்றை அவர் பஸ்ஸுக்கு முன்னால் ஓடவிட்டதாக மதுரைப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். அவருடைய பஸ் வருவதைப் பார்த்து மணிக்கூட்டைத் திருத்தினார்கள் என்பதும் அந்த ஊர்ப் பேச்சுத்தான். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. டயர் சரியில்லாத பஸ் நேரத்துக்கும் வராது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் செய்யாது.

இதைக் கராஜ்காரர் எனக்கு எளிதாக விளங்கப்படுத்தினார். பிரேக் சில்லைத்தான் பிடிக்கும். வண்டியைப் பிடிப்பது டயரும் வீதியும். ஓர் ஆட்டோ வீதியைத் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய மூன்று உள்ளங்கை அளவு ரப்பரால். டயரின் வரிப்பள்ளங்கள் மழைநீரை வெளியே தள்ளினால்தான் அந்த ரப்பர் தாரைத் தொடும். பள்ளம் தேய்ந்துவிட்டால் இடையில் தண்ணீர்ப் படலம் நின்றுவிடும். அந்த நேரம் பிரேக் எவ்வளவு நல்லதாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாகச் சில்லு இறுகி வழுக்கும். இறுகிய சில்லோடு ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

வேகத்தின் கணக்கு இன்னும் பொல்லாதது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். காய்ந்த வீதியில், நல்ல டயரோடு, 30 கிலோமீற்றர் வேகத்தில் சுமார் 5 மீற்றருக்குள் நிற்கும் வண்டிக்கு 60இல் 20 மீற்றர் வேண்டும். ஈரத்தில் மொட்டை டயர் என்றால் அதுவும் போதாது. கண் கண்டு கால் மிதிப்பதற்குள் ஓடிவிடும் தூரம் இதில் சேரவில்லை.

சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கையில் என்னைப் பிடித்து நிறுத்திய பகுதி இரண்டாம் உலகப் போர்க் காலம். பெற்றோல் இல்லை. கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் கருவியைச் செய்து விற்றார். 1942இல் மலாயாவை ஜப்பான் பிடித்தபின் ரப்பரும் அருந்தலானது. நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய ரப்பர் மூலம் இலங்கைதான். எங்கள் நாட்டு மரங்களிலிருந்து அளவுக்கு மீறிப் பால் வடிக்கப்பட்டது. அப்படிப்பட்ட காலத்தில் தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் போடும் தொழிலும் அவருடையதாயிற்று.

போர் வந்தால் மனிதர் இருப்பதை வைத்தே ஓட்டுவார்கள். மண்ணெண்ணெயில் கார் ஓடிய யாழ்ப்பாணத்தை நாம் மறக்கவில்லை. லொறிச் சாரதியான என் வாப்பாவும் மொட்டை டயரில் கத்தியால் வரி வெட்டி ஓட்டியவர்தான். ஆனால் வரி வெட்டுவதும் ரீபில்ட் பண்ணுவதும் ஒன்றல்ல. ரீபில்டில் பழைய டயரின் உடல் பழுதில்லையா என்று பார்த்து, மேலே புதிய ரப்பரைச் சூட்டில் ஒட்டுவார்கள். வரி வெட்டினால் மிஞ்சியிருக்கும் கொஞ்ச ரப்பரும் போய்விடும்.

அன்று வாப்பா தப்பியதற்கு ஒரு காரணம் சோதனைச்சாவடி. வேகம் எடுக்குமுன் அடுத்த சாவடி வந்துவிடும். இரவில் வீதியே வெறிச்சோடியிருக்கும். இன்று கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை காபட் வீதி. சாவடி போய் வேகம் வந்துவிட்டது, டயரை மட்டும் இன்னும் போர்க்காலம்போலவே இழுத்தடிக்கிறோம். 2022 நெருக்கடியில் டயர் விலை ஏறியபின் அது இன்னும் கூடிவிட்டது. அறுவடை நாளில் வீதியோரம் காயும் நெல்லும், காற்று கொண்டுவரும் கடற்கரை மணலும் வழுக்கலுக்குத் துணை.

சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரல் 28இல் காலமானார். 1962இல் அவரது குடும்பத்தார் பிரேக் செய்யும் தொழிற்சாலைகளைத் தொடங்கினார்கள். பிறகு டயரும் செய்தார்கள். விதவையான மகள் சௌந்தரத்தை வீட்டுக்குள் அடைக்காமல் வைத்தியப் படிப்புக்கு அனுப்பிய தகப்பன் என்பதும் அவர் வரலாற்றில் சேர வேண்டியது.

காக்கா மீண்டும் ஆட்டோ எடுத்துவிட்டார். டயர்கள் கடனுக்கு வாங்கியவை. டயரின் வரிப்பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் உண்டு, ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்தால் டயரின் காலம் முடிந்தது. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுமுன் அவர் குனிந்து அதைத் தடவிப் பார்க்கிறார். அரை நிமிட வேலைதான்.